தண்ணீருக்கு ஏழு, போனுக்கு ஒன்று

“கூப்ட்டா ஓடணும், தண்ணி தீந்தா நிக்கணும். உன் பொட்டிக்கு இந்த ரெண்டுதான வேல? அதுல ஒண்ணு செய்யலன்னா, அது இன்னாத்துக்குத் தம்பி செவுத்துல தொங்கினு கீது?”

கன்னியப்பன் கேட்டதற்கு ஆல்வினிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

திருப்புலிவனத்து மோட்டார் கொட்டகைக்குள் உள்ளே கம்பிச்சுருள் கருகிய மோட்டார் கிடந்தது. வெளியே, கதிர் தள்ளப் பொதி கட்டிய நெற்பயிர் நான்கு நாளாகத் தண்ணீர் பார்க்காமல் நின்றது.

ஆல்வினின் கம்பெனி தீபாவளிக்கு முன்னால் மாட்டிக் கொடுத்த பெட்டி அது. கன்னியப்பன் மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டாரை ஓட்டும். கிணறு வற்றினால் தானே நிறுத்திவிடும். உள்ளே இருக்கும் சில்லுக்குப் புரோகிராம் எழுதியவன் ஆல்வின். எழுதியவன் என்பதுகூடக் கொஞ்சம் அதிகம். பழைய சில்லு கிடைக்காமல் போனதும், அதில் இருந்ததைப் புதுச் சில்லுக்கு அப்படியே தூக்கிப் போட்டவன்.

இரண்டு காரியம் ஒரே நேரத்தில் குறுக்கிட்டால் எதை முதலில் பார்ப்பது என்று சில்லுக்கு எண் போட்டுச் சொல்ல வேண்டும். பழைய சில்லில் பெரிய எண்தான் அவசரம். புதியதில் தலைகீழ், சின்ன எண்தான் அவசரம். அந்தக் குறிப்பைப் படிக்க ஆல்வின் துரைக்கு நேரமில்லை. தண்ணீருக்கு ஏழு, போனுக்கு ஒன்று என்று பழைய எண்களையே விட்டுவிட்டார். போன் அடித்துக்கொண்டே இருந்தால், பெட்டி தண்ணீர்ப் பக்கம் தலையைத் திருப்பாது; கிணறு வற்றியும் மோட்டார் வெறுமனே ஓடிக் கருகும்.

வருகிற பஸ்ஸிலேயே இதைக் கண்டுபிடித்து, வந்ததும் மடிக்கணினியை மாட்டி இரண்டு எண்ணையும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டான். ஆனால் மேனேஜர் ஸ்ரீகாந்த் அனுப்பும்போதே சொல்லியிருந்தார்: “தப்பு நம்மளுதுன்னா அவருக்குப் புது மோட்டார் தரணும். அப்படி எழுதிட்டு வந்தா, நீ ஆபீஸ் பக்கமே வர வேணாம்.”

கன்னியப்பனின் மனைவி சொக்கம்மாள் மோர் கொண்டுவந்து நீட்டினாள். மோர் ஒரு சாக்கு, விசாரிக்கத்தான் வந்திருந்தாள்.

“எந்த ஊரு தம்பி நீ?”

“சென்னைங்க.”

“பேச்சு நம்ம பக்கமா கீதே?”

“பழக்கத்துல வந்துடுச்சிங்க,” என்றவன் சொம்பை அவசரமாக வாயில் கவிழ்த்துக்கொண்டான். அரைச் சொம்பு மோர் சட்டையில் போயிற்று.

“ஞாயித்துக்கெயம இன்னாதான் ஆச்சுன்னு பாத்து சொல்லு,” என்றார் கன்னியப்பன்.

ஆல்வின் பெட்டியின் பதிவுகளைத் திறந்தான். ஞாயிறு மாலை ஆறிலிருந்து ஏழுக்குள் நாற்பத்து மூன்று அழைப்புகள். எல்லாம் ஒரே எண்ணிலிருந்து.

“இது உங்க நம்பரா?”

“இல்லியே! என் நம்பர் இல்லன்னா பொட்டி இன்னா பண்ணும்?”

“ஒரு ரிங்குல அதுவே கட் பண்ணிடும்ங்க.”

“கட் பண்ணப் பண்ண, வுடாம நாப்பத்திமூணு தபா அடிச்சிக்கீறானா?” சொக்கம்மாள் முகவாயில் கை வைத்தாள். “வேல வெட்டி இல்லாத ஜென்மம்!”

ஆல்வினுக்கு மூச்சு வந்தது. நல்ல மனுஷன் என்றால் இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பான்.

“பெட்டி மேல தப்பில்லீங்க,” என்றான், கருகிய மோட்டாரைப் பார்க்காமல். “யாரோ வேணும்னே தொல்லை குடுத்திருக்காங்க. அதாலதான் மோட்டார் போச்சு. ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதணும்.”

“அப்ப புது மோட்டாரு?”

“கம்பெனி தராதுங்க.”

கன்னியப்பன் வயலைப் பார்த்தார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலாம். “சரி தம்பி, நீ இன்னா பண்ணுவ, பாவம்,” என்றார். ஆல்வினுக்குக் காது மடல் சுட்டது. சுட்ட காதோடு அறிக்கையை நீட்டிக் கையெழுத்தும் வாங்கிவிட்டான்.

“அந்த நம்பர சொல்லு,” என்று கன்னியப்பன் போனை எடுத்தார். “நாக்கப் புடுங்கிக்கிறாப்பல நாலு கேக்கறேன்.”

“நம்ம நம்பர்லேர்ந்து பேசாதய்யா! அப்பால நம்மளயும் புடிச்சிக்குவான்,” என்றாள் சொக்கம்மாள். “பொட்டிக்குள்ள கீற சிம்ம எடுத்துப் போடு. அது யாரு சிம்மு தம்பி?”

“கம்பெனிதுங்க.” பெட்டியை அனுப்பிய அவசரத்தில், தன் மேசை இழுப்பறையில் கிடந்த ஏதோ ஒரு பழைய சிம்மைப் போட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

சிம்மைக் கழற்றிக் கன்னியப்பன் போனில் போட்டான். எண்ணையும் அவனே ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னான். எல்லாரையும் பெயராகவே போனில் போட்டு வைக்கிற காலம். யார் எண் யாருக்குத் தெரிகிறது?

சொக்கம்மாள் ஸ்பீக்கரை அழுத்திவிட்டு, திட்டுவதற்குத் தோதாகப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

“ஆல்வினு! நைனா! அம்மா பேசறேன். நம்பரு மாத்திட்டியோன்னு பயந்தேபூட்டேன். ஞாயித்துக்கெயம தென்னேரில உன் தங்கச்சி ஜெனிஃபருக்கு மோதிரம் மாத்தற வரிக்கும் உன்னத்தான் கூப்ட்டுகினு இருந்தேன்… எம்புள்ள ஆபீஸ் வேலயா கீறான், அதான் கட் பண்றான்னு வந்தவங்களுக்கெல்லாம் சொல்லி வெச்சிக்கீறேன், இத்த மட்டும் கட் பண்ணிடாத நைனா.”