மகாராஜா எழுந்திருக்கும் நேரம்

உங்கள் வீட்டுக் கணினி திறக்க எத்தனை நிமிடம் ஆகிறது?

அவளுடையதற்கு இருபது ஆகும். சில நாள் இருபத்திரண்டு.

மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து தருகிற வேலை அவளுக்கு. ஒன்பது மணிக்குள் கணினி வழியே வேலைக்குள் நுழைந்துவிட வேண்டும். இந்த மாதம் இரண்டு முறை தாமதம். மூன்றாவது முறை ஆனால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும் என்று எழுதியே அனுப்பிவிட்டார்கள்.

முன்னாலேயே போட்டுவைக்கவும் வழியில்லை. நோயாளிகளின் விவரம் என்பதால் ஆளில்லாத வீட்டில் கணினி ஓடக்கூடாது. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அவள் திரும்ப எட்டு நாற்பது. இரவெல்லாம் பேருந்து ஓட்டிவிட்டுக் கணவர் வருவதும் அதே நேரம்தான்.

மதிய இடைவேளையில் தம்பியைப் போனில் கூப்பிட்டாள். அவன் கணினி பழுது பார்க்கிறவன்.

"கம்ப்யூட்டர் போட்டதும் தானா எழுந்து ஓடற ப்ரோக்ராம் லிஸ்ட் இருக்குக்கா. ஒண்ணொண்ணாப் படி."

படித்தாள். சதுரங்கம். கடல் அலையின் உயரம் சொல்வது. கிட்டாருக்குச் சுருதி சேர்ப்பது. திரையில் மீன் நீந்தும் தொட்டி. இப்படிப் பதினேழு.

"உங்க வீட்ல யாருக்கா கிட்டார் வாசிக்கறது?"

"இங்க குக்கர் விசிலைத் தவிர வேற சங்கீதம் கிடையாதுடா."

"அப்ப பேய் வந்து போட்டுச்சா? எந்தத் தேதியில ஏத்தினதுன்னு இருக்கும், பாரு."

அவன் சொன்ன இடத்தில் போய்ப் பார்த்தாள். பதினேழும் ஞாயிற்றுக்கிழமை. வாரத்துக்கு ஒன்று.

ஞாயிறு மதியம் அழுக்குத் துணி மூட்டையையும் மகளையும் இழுத்துக்கொண்டு அவள் தெருமுனைச் சலவைக்கடைக்குப் போய்விடுவாள். வீட்டில் மிச்சமிருப்பது ஒரே ஆள்.

அந்த ஆள் இப்போது பக்கத்து அறையில் மூக்குவரை போர்த்திக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரா, எனக்கு ஸ்டீயரிங்கைத் தவிர ஒன்றும் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறவர்.

கணினி புதிதாக இருந்தபோது கண் இமைப்பதற்குள் திறந்துகொள்ளும். திரை திறந்துவிட்டால் அவள் கை சும்மா இருக்காது. எட்டு நாற்பத்தொன்றுக்கே தட்ட ஆரம்பித்துவிடுவாள். அவர் தானே டீ ஊற்றிக்கொண்டு, அவள் முதுகைப் பார்த்தபடி குடித்துவிட்டுப் படுக்கப் போவார். மாலையில் அவள் வேலை முடிவதற்குள் அவர் பேருந்து கிளம்பியிருக்கும்.

அது மந்தமான பிறகுதான் மேஜையில் இரண்டு கோப்பை எதிரெதிரே வந்தது. மகளுக்குப் பல் விழுந்தது, கடைசி நிறுத்தத்திலும் தூங்கிக்கொண்டிருக்கிற பயணி, எல்லாம் அந்த இருபது நிமிடத்தில்தான்.

தினமும் வாசலிலேயே கணினியைப் பற்றிக் கேட்பார். "மகாராஜா எழுந்துட்டாரா?"

இல்லை என்றால் அவர் முகம் மலர்ந்துவிடும். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து எத்தனை நாள் எரிந்து விழுந்திருக்கிறாள்.

"என்னக்கா, பேய் யாருன்னு தெரிஞ்சுதா? எல்லாத்தையும் நிறுத்திடு."

"ஒண்ணுமில்லடா. எல்லாத்தையும் நிறுத்திட்டேன்."

பதினாறைத்தான் நிறுத்தியிருந்தாள். மீன் தொட்டியை விட்டுவைத்ததைத் தம்பியிடம் சொல்லவில்லை.

அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள். முப்பதே நொடி. மீன்கள் வந்துவிட்டன.

மறுநாள் காலை எட்டு நாற்பதுக்கு அவர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"மகாராஜா எழுந்துட்டாரா?"

"இன்னும் எழுப்பவே இல்ல. உக்காருங்க, டீ ஆறுது."

எட்டு ஐம்பத்தெட்டுக்கு அவள் கணினியைப் போட்டாள்.