லூஸ் கனெக்‌ஷன்

குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தண்ணீர் கொட்டும் சத்தமும் கேட்ட பிறகுதான், சமையலறை அலமாரியில் பழந்துணிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஸ்பானரை அவள் எடுத்தாள். கணவர் குளிக்கப் போனால் லேசில் வெளியே வரமாட்டார். அதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும்.

வாசலில் நின்ற பழைய காரின் பானெட்டைப் பூனை மாதிரி தூக்கினாள். எஞ்சினையும் பாடியையும் இணைக்கிற எர்த் வயரின் நட்டை லேசாகத் தளர்த்தினாள். முழுதாகக் கழற்றினால் யார் கண்ணிலும் பட்டுவிடும். தொட்டும் தொடாமலும் இருந்தால்தான் மனுஷனுக்குப் பைத்தியம் பிடிக்கும். டாக்ஸி ஓட்டிய அப்பாவுக்குப் பெண்ணாகப் பிறந்ததில் அவளுக்குக் கிடைத்த சீதனம் இந்த வித்தை ஒன்றுதான்.

இவ்வளவு வன்மம் சும்மா வந்துவிடவில்லை. போன மாதம் காரில் அவர் பக்கத்தில் உட்காரப் போனபோது அவளுடைய முட்டி டேஷ்போர்டில் இடித்தது. அவள் உயரமானவள், அந்த சீட்டை எப்போதும் கடைசி வரை பின்னுக்குத் தள்ளித்தான் வைத்திருப்பாள். எவளோ ஒரு குள்ளச்சி அதை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்து போயிருக்கிறாள். கேட்டதற்கு, பின்னால் ஆபீஸ் பெட்டி வைக்க இடம் பண்ணினேன் என்று கூசாமல் சொன்னார்.

அவள் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. அழுதால் நாலு வார்த்தை இனிப்பாகப் பேசி வாயை அடைத்துவிடுவார். வண்டி இருக்கிற தைரியத்தில்தானே இந்த ஊர் சுற்றல்? வண்டியின் கொட்டத்தை அடக்கினால் ஐயாவின் கொட்டம் தானாக அடங்கும் என்று முடிவு கட்டினாள்.

பலன் கைமேல் கிடைத்தது. சிக்னலில் நின்றால் போதும், குளிர் ஜுரம் கண்டதுபோல் வண்டி உதறியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் தேவலை. காலை எடுத்தால் ஹெட்லைட் மங்கி, பேட்டரி விளக்கு சிவப்பாக முழித்தது. பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடித்து வாய்க்கு வந்தபடி திட்டுவதை அவரே வீட்டுக்கு வந்து புலம்பினார். ஐயோ பாவம் என்று அவள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். வயிறு குளிர்ந்தது அவளுக்கு.

தெருமுனை மெக்கானிக் பேட்டரியை மாற்றினார், பிளக்கை மாற்றினார், கடைசியில் கையை விரித்துவிட்டார். கணவர் வேறொரு வொர்க்‌ஷாப்பைப் பிடித்தார். அங்கே சரி பண்ணிக்கொண்டு வருவார். மறுநாளே இவள் ஸ்பானரைத் தூக்குவாள். சாயங்காலமானால் மாயமாகிறவர் இப்போது வொர்க்‌ஷாப்பே கதி என்று கிடந்தார். சட்டையெல்லாம் கிரீஸாக அவர் வந்து நிற்கும்போது, அந்தக் குள்ளச்சி எங்கேயோ காத்திருந்து கண் பூத்துப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பில் சாப்பாடு நன்றாகவே இறங்கியது.

நேற்றும் அப்படித்தான் வந்து நின்றார். மெக்கானிக் என்ன சொல்கிறார் என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"டைனமோ நல்லாத்தான் இருக்காம். எர்த்துலதான் தகராறுன்னு சொன்னாங்க. இறுக்கி விட்டிருக்காங்க. ஆனா மறுபடி லூஸானாலும் ஆகும், நாளைக்கு சாயங்காலம் கொண்டு வாங்கன்னாங்க."

ஆபீசில் தனக்கு மேலே இருப்பவரையே வீட்டுக்கு வந்தால் 'அவன், இவன்' என்று பேசுகிற ஆள் அவர். தலை நரைத்த தெருமுனை மெக்கானிக்கும் அவருக்கு 'அவன்'தான். அப்படிப்பட்டவர் வாயில் 'சொன்னாங்க' என்று மரியாதை வழிகிறதே! வண்டி படுத்திய பாட்டில் மனுஷனுக்குப் பணிவே வந்துவிட்டது என்று அவள் பூரித்துப் போனாள்.

இனி கடைசி அடியையும் அடித்துவிட வேண்டியதுதான். இன்று ஆபீஸ் லீவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் குறட்டை விட ஆரம்பித்ததும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இந்த வண்டி தேறாது, காயலான் கடைக்குப் போட்டுவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லும்படி அந்த மெக்கானிக்கைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவரும் பெண்டாட்டி பிள்ளையோடு குடித்தனம் பண்ணுகிறவராகத்தான் இருப்பார். ஒரு பெண்ணின் வயிற்றெரிச்சல் புரியாமலா போய்விடும்? வண்டி ஒழிந்தால், அப்புறம் கணவர் எங்கே போவதானாலும் அவளுடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்துதான் போக வேண்டும்.

கண்ணாடியில் ஒட்டியிருந்த சர்வீஸ் ஸ்டிக்கரில் விலாசம் இருந்தது. உதறி உதறிப் போன வண்டியை, சந்துக்குள் இருந்த ஒரு தகர ஷெட்டின் முன்னால் நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை. வண்டியின் லட்சணத்தை மெக்கானிக் தன் காதாலேயே கேட்கட்டும் என்று அப்படியே இறங்கி உள்ளே போனாள்.

ஜாக்கி கொடுத்துத் தூக்கிய ஒரு வேனுக்கு அடியிலிருந்து, நீல பேன்ட்டும் கிரீஸ் படிந்த ஷூவும் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொண்டு தொண்டையைச் செருமப் போனாள். அதற்குள், வெளியே வண்டி உதறுகிற சத்தத்தைக் கேட்டு, வேனுக்கு அடியில் ஒரு பெண் குரல் சிரித்தது.

"வந்துட்டியாடா? இன்னைக்கும் எர்த்தைக் கழட்டி விட்டுட்டாளா உன் பொண்டாட்டி?"