பை வீங்கிப் போச்சாம்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் மூன்று வரிசையாக நிற்கின்றன. நடு வரிசையில், உச்சி வெயிலில் கொதிக்கும் கேபினுக்குள், பீம்ராவ் ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு குனிந்திருக்கிறான். சீட்டில் சாய்ந்தால் நெஞ்சில் கத்தி இறங்குகிறது. குனிந்தால் கொஞ்சம் மூச்சு வருகிறது. போன வாரக் காய்ச்சல் விட்டுப்போயிற்று, இது வெறும் வாயு, கேஸ் என்றுதான் நினைத்திருந்தான். காலையில் ஸ்கேன் எடுத்ததும், ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் வண்டியை எடுத்துவிட்டான். இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டிகள் சுவராக நிற்கின்றன. கதவைப் பாதிதான் திறக்க முடிகிறது.

அந்த இடுக்கில் ஒருக்களித்து நடந்து வருகிறாள் அவன் மனைவி பூவம்மா. புடவையெல்லாம் கிரீஸ். ரிப்போர்ட் கவரைப் பல்லில் கடித்துக்கொண்டு கேபினுக்குள் ஏறுகிறாள்.

"கேஸு இல்லய்யா. இதயத்த சுத்திகினு ஒரு பை கீதாம், அது வீங்கிப் போச்சாம். காய்ச்சலு வுட்டுட்டுப் போன வேலையாம். இப்பவே வந்து அட்மிட் ஆவணும்னு டாக்டரு சொல்லிட்டாரு."

"நடுரோட்ல வண்டிய வுட்டுட்டு எப்டிம்மே வர்றது?"

அவள் அவன் முதுகில் கை வைக்கிறாள். நனைந்த சட்டைக்கடியில் இதயம் தாறுமாறாக அடித்துக்கொள்கிறது. முன்னால் நின்ற லாரி பத்தடி நகர்கிறது. பின்னாலிருந்து ஹாரன் அலறுகிறது. பழக்கத்தில் அவன் கை கியருக்குப் போகிறது. பூவம்மா எட்டிச் சாவியைத் திருகி உருவிக்கொள்கிறாள்.

"எறங்குய்யா."

அவள் தோளைப் பிடித்துக் குனிந்தபடியே அவன் இறங்குகிறான். ஆட்டோ கிடைக்கும் இடம் வரை லாரிகள்தான் நிற்கின்றன.