சத்தம் வந்தால் போதும்

"இன்னும் ஊமையாத்தான் இருக்கா?" என்று நான்காவது முறையாகக் கேட்டார் சூப்பர்வைசர்.

ரிப்பேர்க்காரப் பெண் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்து மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தாள். உயிருள்ள சவுண்ட் கார்டு என்றால், பேசாவிட்டாலும் மெல்லிய இரைச்சலாவது வரும். இதில் அதுவும் இல்லை.

அது பீங்கான் கோப்பைத் தொழிற்சாலையின் கண்காணிப்பு அறை. சுவருக்கு அந்தப் பக்கம் எரிவாயுச் சூளை எரிந்துகொண்டிருந்தது. சூளையிலிருந்து வாசனையே இல்லாத நச்சுவாயு கசிந்தால், மேஜைமேல் இருக்கும் முப்பது வயதுக் கம்ப்யூட்டர் அலற வேண்டும். ஒரு வாரமாக அது வாயைத் திறக்கவில்லை.

பதினொரு மணிக்குப் பாதுகாப்பு அதிகாரி வருகிறார். அலாரத்தைத் தன் காதால் கேட்காவிட்டால் சூளையை அணைத்து சீல் வைத்துவிடுவார். பாதி வெந்த நாலாயிரம் கோப்பைகளும் உள்ளேயே விரிசல் விட்டுப்போகும். கூடவே சூப்பர்வைசரின் வேலையும்.

"புதுசா ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டா என்னம்மா?"

"இந்தப் புரோகிராமுக்கு இந்தக் கார்டைத் தவிர வேற பாஷை தெரியாது சார்." வீட்டில் பதினோரு பழைய கம்ப்யூட்டர்களோடு குடித்தனம் நடத்துபவள் அவள், அதனால்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். "கொஞ்சம் பேசாம இருங்க. எனக்கு இரைச்சல் கேக்கணும்."

"நீ சொன்னேன்னு எட்டு மணிக்கே எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தியாச்சு. ஜன்னலையும் சாத்தியாச்சு. இன்னும் எதை நிறுத்தணும், என் நெஞ்சுத் துடிப்பையா?"

மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சூளைக்காரன் நீளமாக ஒரு கொட்டாவி விட்டான். சூப்பர்வைசரின் மனைவிக்குத் தம்பி அவன். "தலையை வலிக்குது மாமா."

"யாராவது வேலை செய்றதைப் பார்த்தாலே உனக்குத் தலை வலிக்கும் மாப்ளே. உங்க அக்கா அப்பவே சொன்னா."

"அக்கா உங்களைப் பத்தியும் நிறைய சொல்லியிருக்கா. வெளியாளு இருக்காங்களேன்னு பாக்குறேன்."

அவள் சிரிக்கவில்லை. மேஜைக்கடியில் டார்ச் அடித்தபோது ஒரு புது வயர் கண்ணில் பட்டது. "இந்த பிரிண்டரை எப்ப மாட்டினீங்க?"

"போன வாரம். அளவெல்லாம் பேப்பர்ல வேணும்னு அந்த ஆபீசர்தான் ஒத்தைக்கால்ல நின்னார்."

அவளுக்குப் பிடி கிடைத்துவிட்டது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் எண் உண்டு. சவுண்ட் கார்டு ஏழில் இருந்தது. புதிதாக வந்த பிரிண்டரும் ஏழிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. ஒரே கதவு எண்ணில் இரண்டு குடும்பம் குடியேறினால் தபால்காரர் யாரைத்தான் கூப்பிடுவார்?

மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கார்டை உருவினாள். அதன் எண்ணைத் தீர்மானிப்பது அரிசி மணி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பி. அதை ஏழாம் ஊசியிலிருந்து கழற்றி ஐந்தில் செருக வேண்டும். அவ்வளவுதான் வேலை.

விரல் நடுங்கியது. தொப்பி நழுவித் தரையில் விழுந்தது. தேடி எடுத்துக் குனிந்தால், ஊசிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. வெறும் வயிற்றோடு வந்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டு, கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி முயன்றாள். இந்த முறை உட்கார்ந்தது.

கார்டைப் பொருத்திக் கம்ப்யூட்டரைப் போட்டாள். கறுப்புத் திரையில் ஐந்து என்று எண்ணை மாற்றி எழுதி, கண்காணிப்புப் புரோகிராமை எழுப்பினாள். அது தூக்கத்திலிருந்து எழுகிற மாதிரி, கோடு கோடாகத் திரையை வரைய ஆரம்பித்தது.

மணி பத்து ஐம்பத்தாறு. கேட்டிலிருந்து போன் வந்தது. சூப்பர்வைசர் எடுத்து, "ம்" என்று மட்டும் சொன்னார். பிறகு அவளைப் பார்த்தார். "வண்டி உள்ளே வந்துடுச்சாம்."

"இப்படி வந்து உட்காருங்க சார். இந்த மேல்வரிசை ரெண்டாவது பட்டன்தான் டெஸ்ட். நான் பின்னாடி போய்ச் சத்தத்தைக் கூட்டுறேன். நான் சொன்னதும் அழுத்துங்க, சரியா?"

அவள் மேஜைக்குப் பின்னால் மண்டியிட்டாள். அந்தக் காலத்துக் கார்டின் முதுகில், கைக்கடிகாரத் திருகு போல ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும். அதுதான் சத்தத்துக்கு. யாரோ அதை அடிமட்டத்துக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். நகத்தால் ஒரு பல் நகர்த்தினாள்.

ஸ்ஸ்ஸ் என்று ஸ்பீக்கரிலிருந்து இரைச்சல் வந்தது. எங்கோ தொலைவில் ஒரு கடல் இருப்பது போல. அவள் இன்னும் நாலு பல் நகர்த்தினாள்.

அறை அதிர அலாரம் அலறியது.

சூளைக்காரன் தள்ளாடி எழுந்து, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "மாமா, உங்க வேலை தப்பிச்சுது" என்றான். அவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

"சொல்றதுக்குள்ள அழுத்திட்டீங்களே சார். பரவாயில்ல, கையை எடுங்க" என்று கத்திக்கொண்டே எழுந்தாள்.

சூப்பர்வைசரின் ஒரு கையில் போன் இருந்தது. இன்னொரு கை நெற்றிப்பொட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது.

"நான் இன்னும் தொடவே இல்லையேம்மா."