ஒரு கை குட்டையான சிலுவை

பிரகாசி வீட்டுச் சுவரில், ஆண்டவர் உருவத்தோடு ஒரு பித்தளைச் சிலுவை தொங்கியது. அதன் பின்னால் ஒரு குருத்தோலைச் சிலுவை செருகியிருந்தது. போன குருத்தோலை ஞாயிறன்று பிரகாசியின் சின்ன மகள் அமலி மடித்தது. மடித்ததில் ஒரு கை குட்டையாகிவிட்டது.

ஓலை முதுகில் குத்திக்கொண்டே இருந்ததால் பித்தளைக்கு எரிச்சல். "ஆணி, முள்முடி, ஆண்டவர் எல்லாம் என்மேல இருக்கு. உன்மேல என்ன இருக்கு?" என்று கடுகடுத்தது.

"அமலி நகம் அழுத்தின தடம் இருக்கு" என்றது ஓலை.

மழைக்காலத்துக் காய்ச்சலில் அமலி போய்விட்டாள். அதற்குப் பிறகு பித்தளை அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

சாம்பல் புதன் நெருங்கியது. பழைய குருத்தோலைகளை எரித்த சாம்பலில்தான் சாமியார் எல்லோர் நெற்றியிலும் சிலுவை போடுவார். கோயிலிலிருந்து ஓலை கேட்டு வந்தார்கள். பிரகாசி எடுத்தாள், திரும்பச் செருகினாள், மறுபடி எடுத்தாள்.

"என் பின்னால ஒளிஞ்சுக்கோ. நான் மறைச்சுக்கிறேன்" என்று பித்தளை பதறியது.

"வேண்டாம். என்னைப் பார்க்கிறப்பல்லாம் அமலி அம்மா அழறாங்க" என்று சொல்லிவிட்டு ஓலை கோயிலுக்குப் போய்விட்டது.

புதன்கிழமை பூசை முடிந்து பிரகாசி வந்தாள். நெற்றியில் சாம்பல் சிலுவை. சாமியார் அவசரத்தில் போட்டாரோ என்னவோ, ஒரு கை குட்டையாக இருந்தது.

"வந்துட்டியா?" என்று பித்தளை ஆசையோடு கேட்டது.

கண்ணாடியில் நெற்றியைப் பார்த்த பிரகாசி, அன்றைக்கு முகம் கழுவவில்லை.