பதினோரு மணி இன்டர்வியூ

"பதினோரு மணிக்கு இன்டர்வியூ தங்கச்சி. எப்படியாவது இதை ஓட வெச்சுக் குடு!"

மழையில் நனையாமல் ஸ்வெட்டருக்குள் பொத்திக் கொண்டுவந்த லேப்டாப்பை மேசைமேல் வைத்தாள் ரஞ்சனி. அவள் பின்னால், குடையை மடக்கக்கூடத் தோன்றாமல் வாசலிலேயே நின்றார் அவள் கணவர் லிங்கசாமி.

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த தேவாலா பஜாரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள் கெஸியா. பச்சைத் தேயிலை விலை விழுந்ததிலிருந்து படியேறி வருகிறவர்களே குறைந்துபோயிருந்தார்கள்.

பவர் பட்டனை அழுத்தினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் நாலு வரி ஓடின. உள்ளே 'டிக்'கென்று ஒரு சத்தம். அப்படியே நின்றுவிட்டது.

"எப்பருந்துக்கா இப்படி?"

"ஞாயித்துக்கெழமையிலருந்து. டீ ஃபேக்டரிய மூடுனப்ப ஆபீஸ்ல இவருக்குக் குடுத்தது. லினக்ஸோ என்னமோ போட்டிருக்குதாம். அங்க இருந்த அத்தனை கம்ப்யூட்டரையும் இவருதான் பாத்துக்கிட்டாரு. இது மட்டும் ஒண்ணும் புரியலைங்கறாரு."

லிங்கசாமி குடையை மடக்கி மூலையில் சாத்தினார். ரஞ்சனியே தொடர்ந்தாள்.

"குவார்ட்டர்ஸக் காலி பண்ணுங்கன்னு சொன்னதுலருந்து எனக்குப் பச்சத்தண்ணி எறங்கல. கென்யாவுல ஒரு டீ கம்பெனியில கூப்பிட்டிருக்காங்கன்னு இவரு சொன்னப்பறந்தான் சோத்துல கை வெச்சேன். அப்புறம் கடல் தாண்டிப் போறாரேன்னு ஒரு பாட்டம் அழுதேன். போக வேண்டாம், திருப்பூருக்குப் போயாச்சும் பொழைச்சுக்கலாம்னேன். இவரு கேக்கல."

கெஸியா கடிகாரத்தைப் பார்த்தாள். "நேரமாகுதுண்ணா. இதை அப்பறம் பாத்துக்கலாம். என்னோட கம்ப்யூட்டர்லயே இன்டர்வியூ பேசிருங்களேன்."

"வேண்டாம்மா!" லிங்கசாமி முதல்முறையாக வாய் திறந்தார். "எல்லாம் இதுலதான் இருக்குது. இதுலதான் பேசணும்." சொன்ன வேகத்தில் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

கெஸியா தன் பென்டிரைவைச் செருகி, அதிலிருந்து லேப்டாப்பைக் கிளப்பினாள். டிஸ்க்கில் ஒன்றும் அழியவில்லை. கடைசியாகக் கிளம்ப முயன்றபோது என்ன நடந்தது என்று ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தவள் முகம் தெளிந்தது.

"டிஸ்க் போகலக்கா. தூங்குது."

"தூங்குதா?"

"கரன்ட்ட மிச்சம் பண்றதுக்குன்னு ஒரு செட்டிங் இருக்குது. அதை ரொம்ப இறுக்கி வெச்சா, சில டிஸ்க்கு பாதியிலயே தூங்கிப்போயிரும். எழுப்புனாலும் எந்திரிக்காது. டிஸ்க்கையே காணோம்னு மெஷின் நின்னுரும்."

சொல்லிக்கொண்டே அந்த செட்டிங்கைத் திறந்தாள். அவள் புருவம் சுருங்கியது.

"இது தானா மாறலக்கா. ஞாயித்துக்கெழமை யாரோ உள்ள போய் மாத்தியிருக்காங்க."

"யாரு வந்து மாத்தப் போறா? ஊட்டுல நாங்க ரெண்டு பேருதானே இருக்கறோம்..." ரஞ்சனியின் குரல் பாதியிலேயே இறங்கிப்போயிற்று. ஸ்வெட்டர் நுனியைப் பிடித்து முறுக்கினாள்.

கெஸியாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கணவன் எதிரே அந்தப் பேச்சை வளர்க்க அவளுக்கு மனசில்லை. செட்டிங்கைத் தளர்த்திவிட்டு, பென்டிரைவை உருவிக்கொண்டு, மறுபடியும் பட்டனை அழுத்தினாள்.

எழுத்துகள் ஓடின. நிற்காமல் ஓடின. திரை பளிச்சென்று விரிந்தது.

ரஞ்சனி கெஸியாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நல்லா இருப்ப தங்கச்சி! காலையிலருந்து இவரு ஒண்ணுமே சாப்பிடல. சூடா டீ வாங்கியாறேன். குடிச்சுட்டு தெம்பாப் பேசட்டும்." மறுபேச்சுக்குக் காத்திராமல் படியிறங்கி ஓடினாள்.

அவள் போனதும் கெஸியா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணா, அக்காவக் கோவிச்சுக்காதீங்க. நீங்க அவ்வளவு தூரம் போயிருவீங்களேங்கற பயத்துல பண்ணிட்டாங்க. அப்புறம் மனசு கேக்காம அவங்களே தூக்கிட்டும் வந்துட்டாங்க."

லிங்கசாமி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக இயங்கும் ஒரு லேப்டாப்பைப் பார்க்கிற முகமாக அது இல்லை. வீட்டில் ஏதோ கெட்ட செய்தி வந்து நிற்பதைப் பார்க்கிற முகம்.

"அவளுக்கு இதை மூடித் தொறக்க மட்டுந்தாம்மா தெரியும்" என்றார். "மாத்துனது நான்."

கெஸியா திடுக்கிட்டாள். "நீங்களா! அப்ப... கென்யாவுக்குப் போக உங்களுக்கே இஷ்டமில்லையாண்ணா?"

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். கீழே படியில் காலடிச் சத்தம் கேட்டது. டீ டம்ளர்கள் ஒன்றோடொன்று இடிக்க, மூச்சு வாங்க, ரஞ்சனியின் குரல் மேலேறி வந்தது.

"ஏனுங்க! கென்யாக்காரங்க கூப்பிட்டுட்டாங்களா?"

லிங்கசாமி சட்டென்று கெஸியா பக்கம் குனிந்தார். உதடு மட்டும் அசைந்தது.

"இன்டர்வியூவுக்கு என்னை யாரும் கூப்பிடவே இல்லம்மா."