பொருள் போனால் சொல்லு

"பெருசு, உன் மொபெட் கிடைச்சிடுச்சி!" கான்ஸ்டபிள் ஸ்டேஷன் வாசலுக்கே வந்து சொன்னார்.

துலுக்காணம் வேப்பமரத்தடியில் நின்ற வண்டியைப் பார்க்கவில்லை. கான்ஸ்டபிளின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எட்த்துக்கினு போனவன் எங்க சார்?"

"பாகாலா ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டுல விட்டுட்டு ரயில் ஏறிட்டான்."

"பெங்களூர் ரயிலா, மெட்ராஸ் ரயிலா?"

"யாருக்குத் தெரியும்? கையெழுத்துப் போட்டுட்டு ஓட்டிக்கினு போ."

"ஸ்டாண்டுக்காரரு அவன் மூஞ்சப் பாத்தாரா சார்? எளச்சிருந்தானாமா?"

கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "திருடன் எளச்சா உனக்கென்ன, பெருத்தா உனக்கென்ன? ஆனா வினோதமான திருடன்தான். யாராவது தேடி வந்தா குடுங்கன்னு சாவியை ஸ்டாண்டுக்காரன்கிட்டயே குடுத்துட்டுப் போயிருக்கான்."

துலுக்காணம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சாவியக் குடுத்துட்டானா? அப்போ திரும்பி வர மாட்டான் சார்."

"யாரு?"

"எம்புள்ள பாபு. கம்பெனி வேலைக்குப் போறேன்னு சண்டை போட்டுக்கினு இந்த வண்டியிலதான் போனான். தேடிக் குடுங்கன்னு இங்க வந்து அழுதேன். 'வயசு வந்த ஆம்பளையத் தேடுறது எங்க வேலை இல்ல, பொருள் ஏதாவது போனா வந்து சொல்லு'ன்னாரு அப்போ இருந்த சாரு. அதான் வண்டி திருடு போச்சுன்னு எழுதிக் குடுத்தேன்."

கான்ஸ்டபிள் சாவியை நீட்டினார்.

துலுக்காணம் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஊரைப் பார்த்து நடந்தார். அவருக்கு ஓட்டத் தெரியாது. பின்சீட்டில் உட்கார்ந்துதான் பழக்கம்.